டெஷூட்ஸ் ஆற்றில் சித்தப்பாவுடன்

புதன் இரவு, மாப்பின்

அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில், போர்ட்லேண்டை விட்டு 26-ஆம் நெடுஞ்சாலையில் கிழக்கே கிளம்பினால், ஹூட் மலை ஏறி முடிக்கும் வரை இரண்டு பக்கமும் நெடுநெடுவென ஃபர் மரங்கள், பாசி, ஈரம். மலையைத் தாண்டி இறங்கத் தொடங்கியதும் எல்லாம் மாறிவிடுகிறது. முதலில் பைன், அப்புறம் கட்டையான ஜூனிப்பர், கடைசியில் காய்ந்த புல்லும் சேஜ் புதரும் மட்டும். பசிபிக்கிலிருந்து வரும் மழையைக் காஸ்கேட் மலைகள் மேற்குப் பக்கமே இறக்கி வைத்துவிடுவதால் இந்தப் பக்கம் வறண்ட பூமி. அதன் நடுவே கரும்பாறையை அறுத்துக்கொண்டு வடக்கு நோக்கி ஓடுகிறது டெஷூட்ஸ். சுமார் 250 மைல் ஓடி கொலம்பியா ஆற்றில் சேர்கிறது.

மேட்டிலிருந்து ஆறு முதலில் கண்ணில் பட்ட இடத்தில் சித்தப்பா வண்டியை ஓரம் கட்டினார். பள்ளத்தாக்கின் அழகை நான் பார்த்துக்கொண்டிருக்க, அவர் தண்ணீரின் நிறத்தைப் பார்த்தார். "பச்சையாத்தான் இருக்குது. நல்லது கண்ணு, போலாம்," என்றார்.

சித்தப்பா பவானிக்காரர். சின்ன வயதில் கூடுதுறைக்குக் கீழே மண்புழு கோத்துக் கெண்டை பிடித்தவர். ஹில்ஸ்போரோவில் சிப் தொழிற்சாலை வேலையில் காலத்தைக் கழித்து இப்போது ஓய்வு. ஓரிகனுக்கு வந்த புதிதில் உடன் வேலை செய்த ஒருவர் இந்த ஆற்றுக்குக் கூட்டி வந்திருக்கிறார். அன்று பிடித்த பித்து இன்னும் விடவில்லை. செப்டம்பர் வந்தால் அவரை வீட்டில் பார்க்க முடியாது என்று சித்தி சொல்வார். சியாட்டிலில் இருக்கும் நான் ஒவ்வொரு வருடமும் அவர் அனுப்பும் படங்களைப் பார்த்துவிட்டு, இந்த முறை "எனக்கும் சொல்லித் தாங்க சித்தப்பா" என்று கேட்டேன். அவ்வளவுதான், ஆற்றில் இறங்கி நிற்க மாட்டும் தண்ணீர் புகாத வேடர் கால்சட்டை கூட எனக்குரிய அளவில் தயாராக இருந்தது.

தேடி வந்திருப்பது ஸ்டீல்ஹெட். ரெயின்போ டிரவுட்டேதான் இது. நீலகிரியில் அவலாஞ்சிப் பக்கம் ஓடைகளில் வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்து விட்டார்களே, அதே இனம். ஆனால் இந்த ஆறுகளில் பிறக்கும் குஞ்சுகளில் ஒரு பகுதி ஆற்றிலேயே தங்கிவிடும், ஒரு பகுதி கடலுக்குப் போய்விடும். கடலில் ஒன்றிரண்டு வருடம் மேய்ந்து, பெருத்து, வெள்ளியாகப் பளபளத்துப் பிறந்த ஆற்றுக்கே திரும்பி வரும் மீனுக்குத்தான் ஸ்டீல்ஹெட் என்று பெயர். பசிபிக் சால்மன் முட்டையிட்டதும் செத்துவிடும். இது அப்படியில்லை, பிழைத்து மறுபடி கடலுக்குப் போய் இன்னொரு முறை வரக்கூடியது.

மாப்பின் சில நூறு பேர் வாழும் ஊர். தூண்டில் கடையில் உரிமம் வாங்கினோம். ஓரிகன் மீன்பிடி உரிமம், அதன் மேல் வைத்துக்கொள்ளும் மீனைப் பதிவு செய்யும் சால்மன்–ஸ்டீல்ஹெட் டேக், அதற்கும் மேல் கொலம்பியா படுகைக்கான தனி அனுமதி. வெளிமாநிலம் என்பதால் எனக்குக் காசு கூடுதல். கடைக்காரர் வரைபடத்தில் விரல் வைத்துச் சித்தப்பாவுடன் கால் மணி நேரம் பேசினார். எனக்குப் பாதி புரியவில்லை. மீதியை நாளைக்குத் தண்ணீரில் நின்று தெரிந்துகொள்கிறேன்.

வியாழன், மேக்ஸ் கேன்யன்

மாப்பினிலிருந்து ஆற்றோடு கீழே வந்தால் ஷெரார்ஸ் பாலம். அங்கிருந்து 17 மைல் ஜல்லிச் சாலை, அது முடியும் இடம் மேக்ஸ் கேன்யன் முகாம். சாலை கிட்டத்தட்ட சமதளமாகவே போகிறது, காரணம் இது ஒரு காலத்து ரயில் பாதை. 1909-இல் ஹில், ஹாரிமன் என்ற இரண்டு ரயில் முதலாளிகளின் கம்பெனிகள் இந்தக் குறுகிய பள்ளத்தாக்குக்குள் எதிரெதிர் கரைகளில் போட்டி போட்டுக்கொண்டு பாறையை வெடி வைத்துப் பிளந்திருக்கின்றன. ஹில்லின் பாதை 1911-இல் பெண்ட் நகரத்தை எட்டியது. எதிர்க்கரையில் இன்றும் சரக்கு ரயில் ஓடுகிறது. ஹாரிமனின் பாதை கைவிடப்பட்டு, அதன் மேல்தான் நாங்கள் வண்டி ஓட்டி வந்தோம். முகாமுக்குப் பக்கத்திலேயே பழங்குடியினர் வாழ்ந்த குழி வீடுகளின் தடம் இருக்கிறது. இரண்டு ரயிலுக்கும் வெகு காலம் முன்பே இங்கே மீனுக்காக ஆட்கள் குடியிருந்திருக்கிறார்கள்.

கூடாரம் அடித்ததும் பாடம் ஆரம்பம். முதலில் விதிகள். இந்தப் பகுதியில் புழு, இறால், மீன்முட்டை என்று எந்த இரையும் கூடாது, முள்ளில் இறகும் நூலும் கட்டிய செயற்கை ஈயும், லூர் என்ற போலி இரையும் மட்டும்தான். படகில் போகலாம், ஆனால் படகில் இருந்தபடி தூண்டில் போடக் கூடாது. இறங்கி, ஆற்றில் காலூன்றி நின்றுதான் வீச வேண்டும். இயற்கையாகப் பிறந்த ஸ்டீல்ஹெட் எதுவாக இருந்தாலும் திரும்ப விட்டாக வேண்டும். குஞ்சுப் பண்ணையில் வளர்த்து விட்டதை மட்டும் வைத்துக்கொள்ளலாம். சித்தப்பா இதற்கு மேல் தன் பங்குக்கு ஒன்று சேர்த்திருக்கிறார். ஒவ்வொரு முள்ளையும் இடுக்கியால் நசுக்கி அதன் எதிர்முள்ளைத் தட்டையாக்கிவிடுகிறார். மீன் வாயிலிருந்து சட்டென்று கழன்று வர வேண்டும் என்பதற்காக.

கோல் 13 அடி நீளம், இரண்டு கையாலும் பிடிக்க வேண்டும். இவ்வளவு நீளம் எதற்கு என்பது கரையில் நின்றதும் விளங்கிவிட்டது. ஆற்றோரம் முழுக்க ஆல்டர் மரங்கள். தலைக்கு மேல் பின்னால் சுழற்றி வீச இடமே கிடையாது. ஆகவே ஸ்பே வீச்சு. தூண்டில் நரம்பு பின்னால் பறக்காமல் தண்ணீரைத் தொட்டபடியே நம் தோளுக்குப் பக்கத்தில் ஒரு வளைவாக எழும்பி, அங்கிருந்து எதிர்க்கரையை நோக்கிப் பாய்கிறது.

முள் இல்லாமல், நுனியில் ஒரு துண்டுக் கம்பளி நூலைக் கட்டித்தான் முதலில் பழகச் சொன்னார். நாங்கள் நிற்பது கிழக்குக் கரை. ஆற்றைப் பார்த்து நின்றால் தண்ணீர் இடமிருந்து வலமாக ஓடும். நரம்பு வலப்பக்கம் நேராகத் தொங்கும்போது கோலை மெதுவாகத் தூக்கி இடப்பக்கம் கொண்டுபோய் இறக்க வேண்டும், நரம்பின் நுனி மட்டும் வலப்பக்கத் தண்ணீரிலேயே தங்க வேண்டும். பிறகு கோலை வலப்பக்கம் சுழற்றிக் கொண்டுவந்தால் நரம்பு தண்ணீரைக் கிழித்து நுரை தெளித்துக்கொண்டு வரும். அது தோளுக்குப் பின்னால் வளைந்து நிற்கும் கணத்தில் மேல்கை தள்ள, கீழ்கை வயிற்றை நோக்கி இழுக்க வேண்டும். டபுள் ஸ்பே என்கிறார்கள்.

"மேல் கையில பலம் போடாத கண்ணு. கீழ் கைதான் வேலை செய்யோணும்."

சித்தப்பா சொன்ன இந்த ஒன்றை உடம்பு ஏற்றுக்கொள்ள மதியம் வரை ஆனது. சிரமப்பட்டுத் தள்ளினால் நரம்பு சுருண்டு கிட்டேயே விழுகிறது. கீழ்கையைச் சும்மா உள்ளே இழுத்தால் அதே நரம்பு நேராக நீண்டு ஆற்றின் நடுவே படுக்கிறது. மதியத்துக்கு மேல் காற்று ஆற்றுக்கு எதிர்த்திசையில், கீழிருந்து மேலாக வீச ஆரம்பித்தது. இங்கே இது தினசரி வழக்கமாம். அந்தக் காற்றில் டபுள் ஸ்பே போட்டால் ஈ நம் முகத்துக்கே வரும். அதனால் நரம்பை மேல்பக்கம் சுண்டிவிட்டு இடது தோள் வழியாக வீசும் ஸ்நாப்-டி கற்றுக்கொடுத்தார். காற்று எந்தப் பக்கம் நோக்கி அடிக்கிறதோ அந்தப் பக்கத் தோள், இதை மட்டும் மறக்கக் கூடாது.

ஆற்றில் நடப்பது தனிக் கலை. டெஷூட்ஸின் அடியில் உருண்டைக் கற்கள், மேலே வழுக்கும் பாசி, இடுப்பைத் தள்ளும் ஓட்டம். ஆணி பதித்த ஷூ, கைத்தடி, வேடருக்கு மேல் இறுக்கிய பெல்ட், மிதவைச் சட்டை, இவை இல்லாமல் சித்தப்பா என்னைக் கணுக்கால் ஆழத்தில் கூட இறக்கவில்லை. ஒரு காலை ஊன்றி, அது நிலைத்த பிறகே அடுத்ததை எடுக்க வேண்டும். தரையிலும் கவனம் வேண்டும், இது கிலுகிலுப்பைப் பாம்பு வாழும் பூமி.

ராத்திரிக்குச் சித்தி கட்டிக்கொடுத்த அரிசியும் பருப்பும் வைத்து கேஸ் அடுப்பில் அரிசிம்பருப்பு சாதம். வெயில் காலம் முழுக்க இங்கே விறகு மூட்ட அனுமதியில்லை. முகாமில் சிக்னலும் இல்லை, அதனால் இந்தக் குறிப்புகளையெல்லாம் மாப்பின் பக்கம் போகும்போதுதான் இணையத்தில் ஏற்ற முடியும்.

வெள்ளி, மேக்ஸ் கேன்யனும் ஷெரார்ஸ் அருவியும்

தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு இருட்டிலேயே பழைய ரயில் தடத்தில் கீழே நடந்தோம். சட்டப்படி சூரிய உதயத்துக்கு ஒரு மணி நேரம் முன்பு தூண்டில் போடலாம், அஸ்தமனத்துக்கு ஒரு மணி நேரம் பின்பு எடுத்துவிட வேண்டும். இந்த ஆறு வடக்கே ஓடுகிறது, மீன் ஓட்டத்தை எதிர்த்துத் தெற்கே பார்த்து நிற்கிறது. தெற்கே சாய்ந்த செப்டம்பர் வெயில் நேராக அதன் கண்ணில் விழும். மீனுக்கு இமை கிடையாது. வெயில் தண்ணீரைத் தொட்டுவிட்டால் மேலே வரும் ஈயை அது சட்டை செய்யாது என்பது இங்கே வருகிறவர்கள் எல்லாரும் நம்பும் விஷயம். கிழக்குக் கரையில் நிழல் காலையில் நெடுநேரம் தங்கும், அதனால்தான் இந்தக் கரை.

சித்தப்பா ஒரு ரன்னைக் காட்டினார். மேலே சலசலக்கும் வேக ஓட்டம், அது தணிந்து நடுவில் மனிதன் நடக்கும் வேகத்தில் போகும் நீர், கீழே மறுபடி ஆழம் குறைந்து வழுவழுப்பாகும் வால் பகுதி. மூழ்கிய பெரிய பாறைகளுக்கு முன்னும் பின்னும் தண்ணீர் லேசாகப் புடைத்துத் தெரிகிறது. மீன் அங்கேதான் இளைப்பாறும்.

ஈயின் பெயர் ஃப்ரெய்ட் டிரெயின், இந்த ஆற்றுக்கென்றே உருவான வகைகளில் ஒன்று. உடலில் ஆரஞ்சு, சிவப்பு, கறுப்பு, மேலே வெள்ளைச் சிறகு. அதை எதிர்க்கரையை நோக்கிச் சாய்வாகக் கீழ்ப்பக்கம் வீச வேண்டும். நரம்பு ஓட்டத்தில் விறைத்து, ஈ ஒரு வில்லாக ஆற்றைக் குறுக்கே கடந்து வந்து நம் நேர்கீழே நிற்கும். பிறகு கீழே இரண்டு எட்டு. மறுபடி வீச்சு. இதைத்தான் ஸ்விங் என்கிறார்கள். பார்க்க இவ்வளவுதான். ஆனால் நடு ஓட்டம் வேகமாக நரம்பின் வயிற்றை இழுத்துப் போனால் ஈ பறக்கும், மீன் துரத்தாது. நரம்பை மேல்பக்கம் புரட்டிப் போட்டு ஈயின் வேகத்தை ஒரே சீராக வைக்க வேண்டும். கோலின் நுனி ஈயை விட்டு முந்தவும் கூடாது, பிந்தவும் கூடாது.

ஆற்றுக்கு வந்த ஸ்டீல்ஹெட் பெரும்பாலும் இரை தேடுவதில்லை. கடலில் சேர்த்த கொழுப்பிலேயே வசந்தம் வரை, அதாவது முட்டையிடும் வரை காலம் தள்ளும். பசிக்காத மீன் எதற்காக ஒரு கொத்து இறகைக் கவ்வுகிறது என்பதற்குக் கோபம், பழக்கம், ஆர்வம் என்று ஆளுக்கொரு விளக்கம் சொல்கிறார்கள். சித்தப்பா விளக்கத்தில் நேரம் செலவழிப்பதில்லை. "கவ்வுற மனசு இருக்கிற மீன் ஆத்துல எங்கயோ ஒண்ணு நிக்குது. ஒவ்வொரு முழமா ஈயைக் காட்டிக்கிட்டே போறதுதான் நம்ம வேலை," என்றார்.

நாங்கள் பாதி ரன்னில் இருக்கும்போது மேலே இரண்டு பேர் வந்து நின்றார்கள். எங்களுக்குக் கீழே தண்ணீர் காலியாகத்தான் இருந்தது. ஆனால் யாரும் முந்திக்கொண்டு கீழே இறங்கவில்லை. ரன்னின் தலையில் காத்திருந்து, நாங்கள் நகர்ந்த பிறகு பின்னாலேயே இறங்கினார்கள். ஒவ்வொரு வீச்சுக்கும் இரண்டு எட்டு நகராமல் ஒரே இடத்தில் ஆணியடித்து நிற்பது இங்கே பெரிய மரியாதைக் குறைவு. "நம்மூர்ல கீழ்பவானி வாய்க்கால்ல தண்ணிக்கு முறை வெச்சு விடுவாங்களே, அதே மாதிரிதான். உன் முறை வந்தா பாய்ச்சிக்க, முடிஞ்சா மடையை விடு," என்றார் சித்தப்பா. எனக்கு இந்த ஒழுங்கு மிகவும் பிடித்துப்போனது. மேலே நின்ற பெரியவர் எங்களைக் கடக்கும்போது என் வீச்சைப் பார்த்துக் கட்டை விரலை உயர்த்தினார்.

வெயில் எதிர்ச்சுவரில் பாதி இறங்கிய நேரத்தில் சித்தப்பாவின் ரீல் கத்தியது.

அவர் கோலைத் தூக்கவே இல்லை. அப்படியே தாழ வைத்து, மீன் நரம்பை இழுத்துக்கொண்டு திரும்பும் வரை விட்டார். அதன் பிறகுதான் கரைப் பக்கமாகச் சாய்த்தார். மீன் நேராக நடு ஆற்றுக்கு ஓடி ஒரு முறை முழு உடலும் தெரியத் துள்ளியது. சித்தப்பா பின்னாலேயே நடந்து, ஓட்டம் குறைந்த ஓரத்துக்கு அதைக் கொண்டுவந்தார். "கையை நனைச்சுக்கிட்டு வால் மூட்டைப் பிடி. தண்ணிக்கு மேல தூக்காத."

முழங்கால் தண்ணீரில் குனிந்து பிடித்தேன். வால் தொடங்கும் இடம் என் மணிக்கட்டை விடக் கொஞ்சம் பருமன், இறுக்கமான தசை. முதுகு சாம்பல் கலந்த பச்சை, அதில் சின்னச் சின்னக் கறுப்புப் புள்ளிகள். பக்கவாட்டில் சுத்த வெள்ளி. செவுள் மூடியில் மட்டும் ரோஸ் நிறம் லேசாகத் தொடங்கியிருந்தது. முதுகுத் துடுப்புக்கும் வாலுக்கும் நடுவே எலும்பில்லாத ஒரு சின்னச் சதைத் துடுப்பு, என் சுண்டுவிரல் நகத்தை விடக் கொஞ்சம் பெரிது. கொழுப்புத் துடுப்பு. பண்ணையில் வளர்க்கும் குஞ்சுகளுக்கு இதை நறுக்கிவிட்டுத்தான் ஆற்றில் விடுவார்கள். இதற்கு இருந்தது. இந்த ஆற்றின் சரளையில் பொரித்து, கடலுக்குப் போய், கொலம்பியாவில் போன்வில், டால்ஸ் என்ற இரண்டு பெரிய அணைகளை ஏறிக் கடந்து வந்த காட்டு மீன்.

சித்தப்பா முள்ளை ஒரு திருகில் எடுத்தார். தலையை ஓட்டத்துக்கு எதிராகத் திருப்பிப் பிடிக்கச் சொன்னார். செவுள் மூடி மூடித் திறந்தது. அதன் பலம் என் உள்ளங்கைக்குள் திரும்பி வருவது தெரிந்தது. ஒரே உதை, கையில் தண்ணீர் மட்டும் மிச்சம். படம் எடுக்கவில்லை. எடுக்கவில்லையே என்ற வருத்தமும் இல்லை.

மதியம் ஷெரார்ஸ் அருவிக்குப் போனோம். உயரம் பெரிதில்லை, ஆனால் அத்தனை பெரிய ஆறும் கரும்பாறை இடுக்கில் ஒடுங்கிக் கொட்டுகிறது. பாறை விளிம்பில் மரப் பரண்கள். அவற்றில் வார்ம் ஸ்பிரிங்ஸ் பழங்குடியினர் நீண்ட கம்பில் கோத்த வளைய வலையை நுரைக்குள் விட்டுத் துழாவுகிறார்கள். இடுப்பில் பாதுகாப்புக் கயிறு. 1855 ஒப்பந்தத்தில் இவர்களுடைய முன்னோர் சுமார் ஒரு கோடி ஏக்கர் நிலத்தை அமெரிக்க அரசுக்குக் கொடுத்தார்கள். வழக்கமான இடங்களில் மீன் பிடிக்கும் உரிமையை எழுதி வாங்கிக்கொண்டார்கள். அந்த இடங்களில் மிகப் பெரியது கொலம்பியாவின் செலிலோ அருவி. 1957 மார்ச்சில் டால்ஸ் அணையின் கதவுகளை அடைத்ததும் சில மணி நேரத்தில் அது நீருக்கடியில் போய்விட்டது. ஷெரார்ஸ் மிஞ்சியது.

சாலையோரம் நின்று பார்த்துவிட்டு, பரண்கள் பக்கம் போகாமல் திரும்பினோம். அது அவர்கள் வேலை செய்யும் இடம். எங்களுக்கு மீன் ஒரு பிரியம், அவர்களுக்கு அது உணவும் சடங்கும் எழுதி வாங்கிய உரிமையும்.

சனி, மாப்பின்

ராத்திரி மலைப் பக்கம் மழை. காலையில் ஆறு சாம்பல் கரைத்து ஓடியது. ஹூட் மலையின் பனியாற்றிலிருந்து வரும் ஒயிட் ரிவர், ஷெரார்ஸ் அருவிக்குச் சற்று மேலே டெஷூட்ஸில் கலக்கிறது. மழையோ கடும் வெயிலோ அடித்தால் பனியாறு அரைத்த பொடி மண் அதில் இறங்கி, அங்கிருந்து கீழே மொத்த ஆற்றையும் கலக்கிவிடும். முழங்கால் ஆழத்தில் என் ஷூ தெரியவில்லை. சித்தப்பா கொஞ்சமும் யோசிக்கவில்லை, கூடாரத்தைப் பிரித்து, ஒயிட் ரிவர் கலக்கும் இடத்துக்கு மேலே, மாப்பின் பக்கம் வந்துவிட்டோம். இங்கே தண்ணீர் பச்சையாக, தெளிவாக ஓடுகிறது. எத்தனையோ பேருக்கு இதே யோசனை வந்திருந்ததால் ரன் எல்லாவற்றிலும் ஆட்கள். மாலையில் ஒரு சின்ன இடம் கிடைத்தது. ஆற்றிலேயே தங்கிவிடும் டிரவுட் ஒன்று, ரெட்சைட் என்கிறார்கள், என் ஈயைக் கவ்வியது. பக்கவாட்டில் சிவப்புக் கோடு பளிச்சென்று இருந்தது. விட்டேன்.

சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்திருந்தபோது 2021 பற்றிப் பேச்சு வந்தது. அந்த ஆண்டு போன்வில் அணையைக் கடந்த கோடைக்கால ஸ்டீல்ஹெட்டின் எண்ணிக்கை, 1938-இல் எண்ணத் தொடங்கியதிலிருந்து அதுவரை இல்லாத அளவுக்குக் குறைந்துபோனது. கடலில் இரை மோசம், ஆற்றில் வெப்பம், வழியில் அணைகள். செப்டம்பரில் டெஷூட்ஸை ஸ்டீல்ஹெட்டுக்கு மூடிவிட்டார்கள். இந்தப் பகுதியின் காட்டு ஸ்டீல்ஹெட் 1999-லிருந்தே சட்டப்படி அச்சுறுத்தலுக்கு உள்ளான பட்டியலில் இருக்கிறது.

"அந்த வருஷம் என்ன பண்ணீங்க சித்தப்பா?"

"வந்தேன். கோல் எடுத்துட்டு வரல. தடத்துல நடந்துட்டு, ரெண்டு நாள் இருந்துட்டுப் போனேன்."

இப்போதெல்லாம் போன்வில் கணக்கைப் பார்த்துத்தான் இங்கே திறப்பதா வேண்டாமா என்று முடிவாகிறது. தூண்டில்காரர்களில் சிலருக்கு இதில் கோபம் உண்டு. எனக்கு இதில் கோபப்பட ஒன்றும் தெரியவில்லை. வெள்ளிக்கிழமை அந்த வாலைப் பிடித்த கைக்கு மூடியதுதான் சரி என்று படுகிறது.

ஞாயிறு, மாப்பினிலிருந்து ஹில்ஸ்போரோ

இன்று காலை மாப்பினுக்கு மேலே, லாக்டு கேட் என்ற இடத்துக்குப் போகும் சாலையோரம். இருட்டிலேயே வந்து இடம் பிடித்தோம். தண்ணீரில் தெர்மாமீட்டரை விட்டுப் பார்த்தார் சித்தப்பா, 57 ஃபாரன்ஹீட். 68-ஐ நெருங்கினால் அவர் தூண்டில் போடுவதே இல்லை, சூடான தண்ணீரில் போராடிய மீன் விட்ட பிறகும் செத்துப்போகும். எனக்கு கிரீன் பட் ஸ்கங்க் என்ற ஈயைக் கட்டிக்கொடுத்து, முதலில் என்னை இறங்கச் சொன்னார். அவர் பின்னால்.

காற்றே இல்லை. கீழ்கை தானாக வேலை செய்தது. ஈ எங்கே போகிறது என்று கண்ணுக்குத் தெரியாவிட்டாலும், நரம்பு விரலில் தரும் இழுப்பை வைத்து அது வேக ஓட்டத்தை விட்டு மெதுவான நீருக்குள் நுழையும் இடம் எனக்கு இன்று தெரிந்தது. இந்தப் பயணத்தில் நான் கற்றதில் பெரியது அதுதான். ஒவ்வொரு வீச்சிலும் அந்த இடத்துக்காகக் காத்திருந்தேன்.

அந்த இடத்தில்தான் பிடித்தது. இழுப்பு என்று சொல்ல முடியாது, நரம்பு கனத்தது. அப்புறம் ரீலுக்கு வெளியே நான் விரலில் தளர்வாக வைத்திருந்த நரம்பு வளையம் மெல்லப் போனது. சுண்டக் கூடாது என்று சித்தப்பா சொல்லிச் சொல்லி மனதில் ஏறியிருந்தது. மீன் திரும்ப வேண்டும். முள் வாயின் ஓரத்தில் தானே பதிய வேண்டும். வளையம் தீர்ந்து ரீல் சுழல ஆரம்பித்ததும் கோலைக் கரைப் பக்கம் சாய்த்தேன்.

மீன் துள்ளவில்லை. ஆழத்திலேயே தலையை உதறி உதறிக் கீழே இழுத்துப் போனது. சித்தப்பா தன் கோலைக் கரையில் போட்டுவிட்டு எனக்குக் கீழே வந்து நின்றார். "ஓடுனா விடு. நின்னா சுத்து. அவ்வளவுதான் கண்ணு, அவ்வளவுதான்." கை நடுங்கியது, சந்தோஷத்தில். பாறைகளைத் தடவித் தடவி நான் ஓரம் வந்து சேர்ந்தபோது மீன் பக்கவாட்டில் சாய்ந்து மிதந்தது. சித்தப்பா வாலைப் பிடித்தார், முதுகைத் தடவினார். கொழுப்புத் துடுப்பு இருக்க வேண்டிய இடம் வழுவழுவென்று ஆறிய தழும்பு.

"பண்ணை மீன். நீ சொல்லு, வெச்சுக்கலாமா?"

காட்டு மீனின் முட்டையிடும் இடங்களில் பண்ணை மீன் கலந்து இனம் சேர்ந்தால், அடுத்த தலைமுறைக்கு ஆற்றில் பிழைக்கும் திறன் குறைகிறது. அதனால் பண்ணை மீனை வைத்துக்கொள்வதே இந்த ஆற்றுக்கு நல்லது. இதெல்லாம் எனக்குத் தெரியும். ஆனாலும் கையில் இருந்தது அதே வெள்ளி, அதே பலம், அதே கடலைப் பார்த்து வந்த உடம்பு. வைத்துக்கொள்ளலாம் என்றேன். நானே செய்கிறேன் என்றும் சொன்னேன். ஆல்டர் கட்டையால் தலையில் ஓங்கி ஒரே அடி, அப்புறம் செவுளை அறுத்து ரத்தம் வடியவிட்டேன். போனில் டேக்கைப் பதிவு செய்தோம்.

கரைக் கல்லில் வைத்து வயிற்றைக் கீறினேன். சதை நல்ல ஆரஞ்சு. பெண் மீன், முட்டைச் சரம் இரண்டும் இன்னும் சிறுத்தே இருந்தன, வசந்தத்துக்கு மாதங்கள் இருக்கின்றன அல்லவா. இரைப்பை சுருங்கிக் கிடந்தது. அதையும் கீறிப் பார்த்தேன். ஒன்றுமே இல்லை. ஒரு புழு, ஒரு பூச்சி, ஒரு சின்ன மீன், எதுவும் இல்லை. பசியில் அல்ல, வேறு எதனாலோ என் ஈயைக் கவ்வியிருக்கிறது. சித்தப்பா சொன்னதைக் கேட்டபோது புரிந்ததை விட இதை விரலால் தொட்டபோது நன்றாகப் புரிந்தது.

முட்டையை என்ன செய்வது என்று கேட்டேன். சித்தி உப்புப் போட்டு வறுப்பார் என்று சித்தப்பா தனியாகக் கட்டி ஐஸில் வைத்தார். மலை ஏறி இறங்கி ஹில்ஸ்போரோ வந்து சேரும்போது மதியம் தாண்டிவிட்டது. சித்தி மிளகாய்த்தூளும் மஞ்சளும் தடவிப் பாதியை வறுத்தார், மீதியைப் புளி குறைத்துக் குழம்பு வைத்தார். கொழுப்புள்ள மீன் என்பதால் எண்ணெய் மிகக் கொஞ்சம் போதும், தீயைக் குறைத்தே வறுக்க வேண்டும். இதை வஞ்சிரத்தைப் போல முறுகவிட்டால் வறண்டுவிடும் என்பது சித்தியின் கண்டிப்பு.

நாளைக் காலை ரயிலில் சியாட்டில். அடுத்த ஜூலையில் போன்வில் கணக்கு வரத் தொடங்கும்போது நானும் பார்க்க ஆரம்பித்துவிடுவேன். திறந்தால் வருகிறேன், எனக்கென்று ஒரு ஸ்பே கோல் வாங்கிக்கொள்ளட்டுமா என்று சித்தப்பாவைக் கேட்டேன்.

"கோல் என்கிட்ட ரெண்டு இருக்குது. முதல்ல உன் காலுக்குச் சரியா ஆணி வெச்ச ஷூ வாங்கு கண்ணு."